பின்பக்கம் காட்டாத தையல்சிட்டு

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டி ஒரு பூவரச மரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் வாரம் ஒருநாள் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். ஆசைக்காகத் தைக்கிறவர்களும் பின்னுகிறவர்களும் அங்கே வந்து, தாங்கள் செய்ததை மாட்டிவைத்து மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. பார்ப்பதும் பேசுவதும்தான்.

தூக்கணாங்குருவி கோரைப்புல்லில் முடிச்சுப் போட்டுப் பின்னிய ஊஞ்சலைக் கொண்டுவரும். அணில் மரநாரைத் திரித்துச் சடை பின்னிக் கொண்டுவரும். தையல்சிட்டு இலைப்பை கொண்டுவரும். தையல்சிட்டுக்கு ஊசி ஏது என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே, அலகுதான் ஊசி. இலவம்பஞ்சை முறுக்கி நூலாக்கி, தேக்கு இலையின் இரண்டு ஓரங்களையும் துளைத்துச் சேர்த்து இழுத்தால் பை தயார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாட்டியதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்ட வேண்டும். எங்கே பிசகியது என்று சொல்ல வேண்டும். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. எதைக் கண்டாலும் புரட்டிப் பார்க்காவிட்டால் அணிலுக்குச் சாப்பாடு இறங்காது. அது புரட்டிப் புரட்டி மற்றவர்களுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு வாரம் தையல்சிட்டு ஒரு கிழிந்த பையை மாட்டியது.

"என்ன அக்கா, பை இரண்டாகப் பிளந்து கிடக்கிறதே?" என்று கேட்டது அணில்.

"தையலை ரொம்ப நெருக்கிப் போட்டுவிட்டேன்," என்று சிரித்தது தையல்சிட்டு. "முதல் நாள் எறும்பு வரிசை மாதிரி அத்தனை அழகாக இருந்தது. இரண்டாம் நாள் துளையோடு துளை சேர்ந்து கிழிந்துவிட்டது. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் இலைக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும் போலிருக்கிறது."

"நல்லவேளை சொன்னீர்கள்," என்றது அணில். அதற்கும் இலை தைத்துப் பார்க்க ஆசை இருந்தது.

அப்போது மேல்கிளையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அங்கே கிளி உட்கார்ந்திருந்தது. கிளிக்கு ஒரு தையல்கூடப் போடத் தெரியாது. ஆனால் யார் என்ன தைத்தாலும் அதைப் பற்றிக் காடெல்லாம் பேசிவிட்டு வரும்.

"கிழிந்ததைக் கொண்டுவந்து நாலு பேர் முன்னால் மாட்டுகிறாயே, கூச்சமாக இல்லையா?" என்றது கிளி. "உன் தையல் மாதிரி இந்தக் காட்டில் யாருக்கு வரும்? முன்பக்கத்தை மட்டும் காட்டு. நெருக்கமாகப் போடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தையல்சிட்டின் முகம் சுருங்கிப்போனது. அது கிழிந்த பையைக் கழற்றிப் புதரில் வீசியது. பாவம், அதுவரை அந்தப் பைக்காக அது வெட்கப்பட்டதே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து தையல்சிட்டு நெருக்கத் தையல் போட்ட பைகளையே கொண்டுவந்தது. அவை இரண்டே நாளில் பிளக்கும் என்று அதற்குத் தெரியும். அதனால் காலையில் தைத்து, உடனே மாட்டிக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் எறிந்துவிடும். அணில் திருப்பிப் பார்க்க வந்தால், "தொடாதே, கசங்கிவிடும்," என்று சொல்லிப் பையின்மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

கிளி சொன்னபடி செய்தது. காட்டின் நாலு மூலையிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தது. மயில் வந்தது, மைனா வந்தது. ஆற்றின் அக்கரையிலிருந்து இன்னொரு தையல்சிட்டு வாரம் தவறாமல் வந்து, ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துவிட்டுப் போகும்.

"மனசு குளிர்ந்ததா?" என்று கேட்டது கிளி.

குளிர்ந்துதான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

இப்படி இருக்கையில் தையல்சிட்டு முட்டையிடும் காலம் வந்தது. ஒரு தேக்கங்கன்றின் பெரிய இலையை வளைத்துத் தைத்து, உள்ளே பஞ்சு பரப்பிக் கூடு கட்டியது. இந்தத் தடவை மட்டும் தையலை எட்ட எட்டத்தான் போட்டது. மூன்று முட்டைகள் இட்டது.

கிளி வந்து கூட்டைப் பார்த்தது. "இதுவா உன் கூடு? இடைவெளி பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. நாளைச் சாயங்காலம் எல்லோரையும் இங்கே கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறேன். என் மானத்தை வாங்காதே."

தையல்சிட்டு யோசித்தது. 'பைகள் கிழிந்தது பறித்த இலை காய்ந்ததால் இருக்கும். இது கிளையில் இருக்கும் பச்சை இலை. இது ஏன் கிழியப் போகிறது?' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. ஒவ்வொரு இடைவெளியிலும் நாலு தையல் கூடுதலாகப் போட்டது. கூடு கோடு கிழித்தாற்போல் பளிச்சென்று ஆனது.

மறுநாள் நண்பகலில் அணில் அந்தப் பக்கம் வந்தது. அக்கா தன்னிடம் சரியாகப் பேசுவதில்லை என்று அதற்கு மனவருத்தம் உண்டு. இருந்தாலும் முட்டையிட்டவரைப் பார்க்காமல் இருக்க முடியுமா? வந்த இடத்தில் பழக்க தோஷம், கூட்டின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தது. பார்த்ததும் ஓடிப்போனது.

திரும்பி வந்தபோது அதன் வாயில் ஒரு காய்ந்த இலை இருந்தது.

"இது என்ன?" என்றது தையல்சிட்டு.

"நீங்கள் புதரில் வீசிய பை. இத்தனை நாளாக இதைத் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறேன். கூட்டின் பின்பக்கம் வந்து இதையும் அதையும் சேர்த்துப் பாருங்கள் அக்கா."

தையல்சிட்டு முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனது. வெகுநாளுக்குப் பிறகு அன்றுதான் தன் தையலின் பின்பக்கத்தைப் பார்த்தது. பச்சை இலையில் நாலு துளைகள் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டன. ஐந்தாவது பிளக்க ஆரம்பித்திருந்தது. காய்ந்த பையிலும் அதே இடத்தில், அதே மாதிரிதான் கிழிசல் தொடங்கியிருந்தது.

"கூடுதலாகப் போட்ட தையலைப் பிரித்துவிடுகிறேன்," என்றது தையல்சிட்டு.

"நூலைப் பிரித்துவிடலாம். துளையை என்ன செய்வீர்கள்?"

ஒரே வழிதான் இருந்தது. இன்னொரு இலையைப் பின்னாலிருந்து இழுத்து வைத்து, எட்ட எட்டப் பெரிய தையல் போட்டு ஒட்டுப்போட வேண்டும். அப்படிப் போட்டால் பஞ்சு முடிச்சுகள் முன்பக்கத்தில் பொம்மென்று துருத்திக்கொண்டு நிற்கும்.

"கிளி எல்லோரையும் கூட்டிவரும் நாள் இது," என்றது தையல்சிட்டு மெல்ல. "அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். பிறகு ஒட்டுப்போடுகிறேனே."

ஆற்றுப் பக்கமிருந்து மேல்காற்று கிளம்பி வந்தது. தேக்கங்கன்று ஒருதரம் ஆடியது. ஐந்தாவது துளை ஆறாவதோடு சேர்ந்தது. கூட்டுக்குள் ஒரு முட்டை உருண்டு பிளவின் பக்கம் சாய்ந்தது.

தையல்சிட்டு தாவிப்போய் முட்டையை உள்ளே தள்ளியது. "இலையை இழுத்துப் பிடி," என்றது. பிறகு அது கிளியைப் பற்றிப் பேசவே இல்லை.

அணில் பின்னாலிருந்த இலையைப் பல்லால் இழுத்துப் பிடித்தது. தன் வாலை மடித்துப் பிளவுக்கு அடியில் முட்டுக்கொடுத்தது. சத்தம் கேட்டு வந்த தூக்கணாங்குருவி கூட்டின் அடியில் கோரைப்புல்லைச் சுற்றி இறுக்கி முடிந்தது. தையல்சிட்டு மளமளவென்று தைத்தது. கடைசித் தையல் போடும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அதே நேரத்தில் கிளி தன் கூட்டத்தோடு வந்து இறங்கியது.

"ஐயோ, இது என்ன கோலம்? ஒட்டும் முடிச்சுமாக இருக்கிறதே," என்றது கிளி. "இதைக் காட்டவா இவர்களை இத்தனை தூரம் கூட்டிவந்தேன்?" மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. காற்று மறுபடி அடித்தது. கன்று வளைந்து நிமிர்ந்தது. கூட்டில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

அக்கரைத் தையல்சிட்டு மட்டும் முன்னால் வந்தது. அது வாய் திறந்து பேசியது அன்றுதான்.

"ஏன் அக்கா ஒட்டுப்போட்டீர்கள்? நெருக்கத் தையல் நன்றாகத்தானே இருந்தது?"

தையல்சிட்டு அதைக் கூட்டின் பின்பக்கம் அழைத்துப் போய், ஒட்டிலையின் ஓரத்தைத் தூக்கிக் கிழிசலைக் காட்டியது. "நெருக்கிப் போட்டால் இப்படித்தான் கிழியும். எனக்கு இது முன்பே தெரியும். பைகள் கிழிவதற்குள் எடுத்து எறிந்துவிடுவேன். அதனால்தான் நீ பார்த்ததில்லை."

அக்கரைத் தையல்சிட்டின் கண்கள் விரிந்தன.

"நீங்கள் போட்டதைப் பார்த்துப் பார்த்து, நானும் அப்படியே தைத்திருக்கிறேன்," என்றது அது. "நேற்றுத்தான் என் கூட்டின் இடைவெளிகளையெல்லாம் நெருக்கித் தைத்து முடித்தேன். உள்ளே நான்கு முட்டைகள்."

அது உடனே பறக்கத் திரும்பியது. தையல்சிட்டு மிச்சமிருந்த பஞ்சு நூலையெல்லாம் அதன் அலகில் திணித்தது. "எட்ட எட்டப் போடு, கிழிசலைவிட்டுத் தள்ளிப் போடு," என்று ஆற்றங்கரைவரை பின்னாலேயே பறந்து சொல்லிக்கொண்டு போனது.

அது திரும்பி வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. இருட்டும்வரை அக்கரையைப் பார்த்தபடியே இருந்தது.

விடிந்தபோது ஆற்றுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. "நான்கும் பத்திரம்!"

அந்த வாரக் கூட்டத்தில் தையல்சிட்டு அணிலிடமிருந்து அந்தக் கிழிந்த பையை வாங்கிக் கிளையில் மாட்டியது. இந்தத் தடவை அணிலுக்கு வேலை வைக்கவில்லை. பையின் பின்பக்கத்தை அதுவே வெளியே தெரியும்படி மாட்டியிருந்தது.

நீதி: கைவேலையைக் காட்டும்போது பிசகையும் சேர்த்துக் காட்டு, மறைத்த பிசகு உன்னையும் கெடுக்கும், உன்னைப் பார்த்துச் செய்பவரையும் கெடுக்கும்.