நான்காவது விசை

“ஒரு பட்டனை மட்டும் எடுத்துடலாமா டீச்சர்?” என்று கேட்டார் தணிகாசலம்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், விசைப்பலகையைத் தானே செய்து கணினியோடு இணைப்பது எப்படி என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுப்பவர். வகுப்பில் மற்றவர்கள் தணிகாசலத்தை ‘புது அட்மிஷன்’ என்று கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று வியாழக்கிழமை, வகுப்பில்லாத நாள். மதியம் இரண்டரை மணி.

துணிப்பையிலிருந்து தான் செய்த பலகையை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே ஒரு சின்னத் திரை. மொத்தம் நான்கே விசைகள். தண்ணீர், வலி, வா, வேண்டாம். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்ட மனைவி வேதவல்லிக்காகச் செய்தது. அமுக்கினால் அந்தச் சொல் திரையில் பெரிதாக வரும்.

எந்த விசை என்று ஜெசிந்தா கேட்டார்.

“வேண்டாம்னு இருக்கே, அது.”

காரணத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பலகையைக் கட்டிலருகே வைத்து எட்டு நாள். அவர் அறைக்குள் நுழைந்தாலே வேதவல்லி அமுக்குவாள். திரையில் ‘வேண்டாம்’ என்று வரும். மூன்றாம் நாளிலிருந்து அவர் உள்ளே போவதில்லை. வாசற்படியோடு நின்றுகொள்கிறார். சோறு ஊட்டுவது மைத்துனி. இன்று நான்கு மணிக்கு வண்டி வருகிறது. அக்காவைத் திண்டுக்கல்லுக்குத் தன் வீட்டோடு கூட்டிப்போகிறாள். இனிமேல் அங்கேதான். இந்த ஒன்றை எடுத்துவிட்டால், போகும்போதாவது வேறு சொல் வரும்.

“வாய் இருந்தவரைக்கும் நல்லாத் திட்டுவா டீச்சர். கிட்ட வராதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.”

“அமுக்கறப்ப அவங்க கையைப் பார்த்தீங்களா சார்?”

“திரையைத்தான் பார்ப்பேன்.”

ஜெசிந்தா பலகையைத் திருப்பிப் போட்டார்.

“டயோடு எங்க?”

விசைக்கு ஒரு டயோடு என்று வகுப்பில் மூன்று முறை சொல்லியிருந்தார். மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் சின்னத் துண்டு அது. நாலே நாலு விசைக்கு எதற்கென்று விட்டுவிட்டதாகத் தணிகாசலம் சொன்னார். ஒவ்வொன்றையும் தன் விரலால் நூறு தடவை அமுக்கிப் பார்த்தாயிற்று. ஒரு தடவைகூடத் தவறு வரவில்லை.

ஜெசிந்தா சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். ‘வேண்டாம்’ விசையின் இரண்டு கால்களிலும் ஈயத்தை உருக்கி, விசையை முழுசாகப் பிடுங்கி, தணிகாசலத்தின் இடது கையில் வைத்தார்.

அது இருந்த இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியே மேசை தெரிந்தது.

“கேட்டது இதுதானே?”

“இதுதான்.”

அவர் பலகையைப் பைக்குள் வைக்கப் போனார். ஜெசிந்தா தடுத்தார்.

“அம்மா எப்படி அமுக்குவாங்க?”

“விரல் தனித்தனியா வராது. உள்ளங்கையோட விழும்.”

“அதே மாதிரி வைங்க.”

மிச்சமிருந்த மூன்று விசைகளின் மேலும் அவர் வலது உள்ளங்கையை வைத்தார். திரையில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பளிச்சிட்டன. கடைசியாக ஒன்று நின்றது.

வேண்டாம்.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

வேண்டாம்.

“அதை நான் தொடவே இல்லையே.”

“அது உங்க இடது கையில இருக்கு சார்.”

விரித்துப் பார்த்தார். இருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.

மூன்று சேர்ந்து அமுங்கினால் மின்சாரம் அவற்றின் வழியாகவே சுற்றிப்போய், நான்காவதும் அமுங்கியதாகக் காட்டும் என்றார் ஜெசிந்தா. கடைசியாக வந்ததுதான் திரையில் நிற்கும். டயோடு போட்டுத் தரப் பத்து நிமிடம். இழுப்பறையைத் திறந்து தேடத் தொடங்கினார்.

தணிகாசலம் பலகையில் மிஞ்சியதை ஒவ்வொன்றாகப் படித்தார்.

தண்ணீர். வலி. வா.

“எட்டு நாளா…” என்றார்.

டயோடுகளை எடுத்துக்கொண்டு ஜெசிந்தா நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பலகை மேசையிலேயே இருந்தது. வாசலில் அவர் செருப்பும் கிடந்தது.