எந்தக் குவியலில் போட?

பாக் நீரிணையின் இந்தியக் கரையோரக் கிராமம் ஒன்றில் குப்பை அள்ளும் வேலை பார்த்துவந்தாள் சவரியம்மாள். பிளாஸ்டிக்கை ஒழிப்பது பற்றிப் பேச, இந்திய அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் அந்த ஊரில் கூடினார்கள். 'உங்கள் குப்பைதான் எங்கள் கரையில் ஒதுங்குகிறது' என்று இரு தரப்பும் மல்லுக்கு நின்றன.

உள்ளூர் பெரிய அதிகாரி சவரியம்மாளைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள கரையில ஒதுங்கின குப்பையை நாடு வாரியாப் பிரிச்சு வை. நம்ம குவியல் சின்னதா இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

சாயங்காலம் எல்லோரும் கரைக்கு வந்தபோது இரண்டு குவியல்கள் இருந்தன. சவரியம்மாள் இன்னொரு சாக்கை அவிழ்த்தாள். உள்ளே பிளாஸ்டிக் பைகள் உருண்டு திரண்டு கிடந்தன.

"எழுத்து இருந்ததைப் பிரிச்சுட்டேன் ஐயா. இதை எந்தக் குவியல்ல போட?"

"எங்கே கிடைத்தது?" என்றார் இலங்கை அதிகாரி.

"என் பசு வயித்துல. முந்தாநாள் செத்துப்போச்சு. மாட்டு டாக்டர் அறுத்து எடுத்துக் குடுத்தாரு. மேயும்போது அது நாடு பார்க்கலை ஐயா."

பெரிய அதிகாரி தலை நிமிராமல், "எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்துங்க" என்றார். யார் குப்பை என்ற பேச்சு அத்தோடு நின்றது. இரு கரைக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் தடைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

சவரியம்மாளின் வேலை தப்பியது. அவள் வீட்டுக்கு வந்ததும் கன்றுக்குட்டி எழுந்து, அவளுக்குப் பின்னால் தாய் வருகிறதா என்று வாசலையே பார்த்து நின்றது.