சுவருக்கு அந்தப் பக்கம்

வில்வித்தை கற்றுத்தரும் மங்கையர்க்கரசிக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் கற்றுக்கொள்ளும் திருவேங்கடத்துக்கு அறுபத்தொன்று. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

நான்கு வாரமாக அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர், வீட்டுக் கொல்லையில பழக எந்த வில்லு வாங்கட்டும்?"

"இருபது பவுண்டு இழுவிசை உள்ள வில்லு போதும், சார். முதல்ல நாண் லேசா இழுக்க வரணும்."

"அது சின்னப் பிள்ளைங்க வில்லு இல்லையா? நாற்பது வாங்கினா?"

ஐந்தாவது வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஆசிரியை அதைப் புரட்டினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பத்தொன்பது கேள்வி. பத்தொன்பதும் வில்லைப் பத்தி. கிளம்புங்க சார், உங்க கொல்லையைப் பார்க்கணும்."

கொல்லையில் ஐந்தடிச் சுவர். அதில் வைக்கோல் அடைத்த சாக்கு ஒன்றைத் திருவேங்கடம் சாய்த்து வைத்திருந்தார். மருமகனிடம் இரவல் வாங்கிய நாற்பது பவுண்டு வில் பக்கத்தில் இருந்தது.

"ஆக, ஏற்கெனவே விட்டுப் பார்த்தாச்சு."

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பன்னிரண்டு அம்பு, ஐந்து சுற்று. அறுபதுல ஐம்பத்துமூணு சாக்குல பட்டுது, டீச்சர்!"

"மீதி ஏழு?"

"சுவர்ல."

ஆசிரியை குனிந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "ஆறு காயம்தான் இருக்கு." அம்பறாத்தூணியில் இருந்த அம்புகளை எண்ணினார். பதினொன்று.

"ஒண்ணு செடிக்குள்ள எங்கேயாவது கிடக்கும்."

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரு?"

"சூசையம்மா. மகள் வீட்டுக்குப் போயிருக்காங்க. நாளைக்கு வர்றாங்க."

"எப்பப் போனாங்க?"

"சனிக்கிழமையாம். பால்காரர் திங்கட்கிழமை சொன்னார்."

"ஞாயிற்றுக்கிழமை அம்பு விட்டீங்க. திங்கட்கிழமை தெரிஞ்சுக்கிட்டீங்க."

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆசிரியை அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியே வெளியே போனார். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போடும் சத்தம் கேட்டது.

"சார், இப்ப விடுங்க."

"டீச்சர்! என்ன விளையாட்டு இது? எழுந்து வாங்க."

"ஐம்பத்துமூணு பட்டுச்சே. விடுங்க."

திருவேங்கடம் வில்லை எடுக்கவே இல்லை. "நாற்பது வேணாம். நீங்க சொன்ன இருபதே வாங்கிக்கிறேன். போதுமா?"

"அந்த வில்லோட அம்பு மட்டும் சுவரைப் பார்த்ததும் நின்னுடுமா?"

திருவேங்கடம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

சுவருக்கு மேலே ஒரு கை உயர்ந்தது. கையில் பன்னிரண்டாவது அம்பு.

"எங்க கிடந்துச்சு?"

"கிடக்கலை, மண்ணுல குத்தி நின்னுச்சு. இங்க மண்ணுல நாலு குழி இருக்கு, சார். அந்தம்மா தினமும் நாற்காலி போடுற இடம் போல. நாலுக்கும் நடுவுல நின்னுச்சு. நானும் நாற்காலியை அதுலதான் போட்டிருக்கேன்."

 திருவேங்கடம் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"முதல்ல என்ன வாங்கணும், டீச்சர்?"

"நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன். அம்பைத் தடுக்க எதை வாங்கினா பயமில்லாம விடுவீங்களோ, அதை வாங்கிட்டு வாங்க."