ஒரு லட்சத்து ஒன்றாவது விருந்தாளி

கடல் நடுவே கைதவறிச் சிந்திய மைத்துளி அளவுக்கு ஒரு நாடு இருந்தது. பெயர் சங்குத்தீவு. அதை ஆண்டவர் திரைமாறர். நல்ல மனிதர்தான், யாரும் பக்கத்துத் தீவின் பேச்சை எடுக்காதவரை.

அந்த வருடம் பக்கத்துப் பவழத்தீவுக்கு இரண்டு லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்ததாகச் செய்தி வந்தது. சங்குத்தீவுக்கு வந்தவர்கள் நானூற்றுப் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் வழி தவறி வந்தவர்கள். அன்று அரசருக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றுலா அமைச்சர் அம்பலவாணரைக் கூப்பிட்டு, அடுத்த முடிசூட்டு நாளுக்குள் ஒரு லட்சமாவது வேண்டும், முடியாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார்.

அம்பலவாணருக்கு நாற்காலியில் உயிர். ஒரு வாரம் யோசித்துவிட்டு ஓர் ஆணை எழுதிக்கொண்டு வந்தார். 'படகிலிருந்து இறங்கி நம் துறையில் கால் வைக்கும் எவரும் விருந்தாளியே.' அரசருக்கு அது பண்பாடு நிறைந்த வாசகமாகத் தெரிந்தது. முத்திரை வைத்தார்.

படகுத்துறையில் வருகை ஏடு எழுதுபவள் செங்கமலம். அவள் பேசுவதைவிட எழுதுவது அதிகம், எழுதுவதைவிடப் பார்ப்பது அதிகம். யார் இறங்கினாலும் சங்குமாலை போட்டு, இளநீர் கொடுத்து, ஏட்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். ஆணை வந்த மறுநாள் முதலில் இறங்கியவர் மேற்குக்கரைக் குப்பத்துத் தலைவர் வேலாண்டி. தோளில் ஈர வலை, கையில் சூரை மீன். அவருக்கும் மாலை போடச் சொன்னார் அமைச்சர்.

"என்ன தங்கச்சி, எனக்கு மறுபடியும் கல்யாணமா?" என்றார் வேலாண்டி.

குப்பத்தில் இருநூறு பேர் கடலுக்குப் போகிறவர்கள். காலையில் ஒரு தரம் இறங்குவார்கள், மாலையில் ஒரு தரம். ஒவ்வொரு தரமும் மாலை, ஒவ்வொரு தரமும் கோடு. ஒரு மாதத்தில் குப்பத்துக் கோழிகள்கூடச் சங்குமாலையோடு திரிந்தன. வருடம் முடிவதற்குள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. அன்றோடு கோடு இழுப்பதை நிறுத்தச் சொன்னார் அமைச்சர். சபையில் வரைபடம் மாட்டினார்கள். கோடு கூரையைப் பார்த்து ஏறியது. அரசர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அம்பலவாணருக்கு மேற்குக்கரையில் விடுதி கட்டும் ஆசை. துறையில் ஒரு பழைய பலகை உண்டு. விருந்தாளி பதினைந்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது, வீடு வைத்துக்கொள்ளக் கூடாது, இந்நாட்டில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதைக் காட்டி, முடிசூட்டு நாளுக்கு மறுநாள் குப்பத்தின் நாற்பது வீடுகளும் காலி என்று அறிவித்தார்.

வேலாண்டி, தான் இங்கேயே பிறந்தவன் என்றார். பிறந்த ஊர் எழுத ஏட்டில் இடமில்லை என்றார் அமைச்சர். நாற்பது வீட்டுப் பெண்களும் செங்கமலத்தின் ஏட்டைச் சுற்றி நின்றார்கள். கோடு இழுத்தவள் அவள்தானே. அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குனிந்தவள் நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது, தினமும் அவள் தலைக்கு மேல் தொங்கும் அந்தப் பலகை.

முடிசூட்டு நாளன்று அரசர் படகேறித் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அந்த நாட்டு வழக்கம். அந்த வருடமும் போய் வந்தார். மேளம் முழங்க இறங்கித் துறையில் கால் வைத்தார். செங்கமலம் முன்னால் வந்து சங்குமாலை போட்டாள். இளநீர் கொடுத்தாள். ஒரு கோடு இழுத்தாள்.

"ஒரு லட்சத்து ஒன்று," என்றாள், அரசருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அரசர் சிரித்தார். என்னையுமா என்றார். அவள் ஆணையை நீட்டினாள். 'எவரும்' என்ற இடத்தில் விரல் இருந்தது. பிறகு அந்த விரல் மெதுவாகப் பலகைக்குப் போனது. அரசர் மூன்று வரியையும் படித்தார். மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"நான் இங்கேயே பிறந்தவனம்மா."

"வேலாண்டி அண்ணனும் அதைத்தான் சொன்னார், அரசே. அதை எழுத ஏட்டில் இடமில்லையாம்."

அரசர் கூட்டத்தைப் பார்த்தார். நாற்பது வீட்டு மூட்டை முடிச்சுகளும் அதே துறையில் அடுக்கியிருந்தன. அவர் கழுத்தில் கிடந்த மாலைதான் அவர்கள் கழுத்திலும். அந்த ஒரு லட்சத்தில் எத்தனை பேர் உண்மையில் வெளியூர்க்காரர்கள் என்று கேட்டார்.

"நானூற்று எட்டு. போன வருடத்தைவிட மூன்று குறைவு. வந்தவர்கள் எல்லோருமே கேட்டது ஒன்றுதான், மீன்படகு வருவதைப் பார்க்க மேற்குக்கரைக்கு எப்படிப் போவது என்று."

அரசர் பேனா கேட்டார். அவள் ஏற்கெனவே மை தொட்டு வைத்திருந்தாள். 'இங்கே பிறந்தவர் விருந்தாளி அல்லர்' என்று எழுதிவிட்டு, சந்தேகத்தோடு நிமிர்ந்தார். "விருந்தாளி கையெழுத்து செல்லுமா?"

"போடும்வரைதான் விருந்தாளி, அரசே. போட்டுவிட்டால் அரசர்."

போட்டார். மூட்டைகள் குப்பத்துக்குத் திரும்பின. அப்போதுதான் அரசருக்கு நினைவு வந்தது, கூட வந்த அமைச்சரைக் காணோம். அம்பலவாணர் இன்னும் படகிலேயே உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. இறங்கினால் பதவி போய்விடுமே என்று கால் வைக்கவில்லை.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இறங்க வேண்டாம் ஐயா. அப்படியே பவழத்தீவுக்குப் போங்கள். இரண்டு லட்சம் எப்படி வந்ததென்று படித்துவிட்டு வாருங்கள்." செங்கமலத்துக்கு அமைச்சரின் நாற்காலியைக் கொடுத்தார். அவள் அதைத் துறைக்கு எடுத்துவந்து, பலகைக்குக் கீழே போட்டுக்கொண்டாள்.

அம்பலவாணர் மாலையில் பவழத்தீவு போய்ச் சேர்ந்தார். துறையில் நீண்ட வரிசை. மாலை போட்டுக்கொள்ள நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோருடைய தோளிலும் ஈர வலை இருந்தது.