மூன்றாம் மாடியில் விழா, முற்றத்தில் ரோல்ஸ்

"ஒருத்தரையும் ஒதுக்காமல் வேலை கொடுங்கள்" என்று ஜெர்மனியில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு ஐரோப்பிய நிதி வந்தது. அதற்கான விழாவைத் தலைவர் ஞானசேகரம் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் வைத்தார். கீழே வைத்தால் அவருக்கு மதிப்பில்லையாம்!

அந்த நிதியில் வேலைக்குத் தேர்வாகி, சக்கர நாற்காலியில் வந்த சமையல்காரி தவமலரிடம், "மேல வந்து வாங்கினால்தான் வேலைக் கடிதம். வராட்டி வேலை வேற ஆளுக்கு!" என்றார்.

"சரி ஐயா. அடுப்பை மட்டும் முற்றத்திலை வைக்கிறன்."

தலைவர் மைக்கைப் பிடித்ததும் தவமலர் மட்டன் ரோல்ஸைப் பொரிக்கப் போட்டாள். வாசம் ஜன்னலேறி உள்ளே போனது. முன்வரிசை மெல்ல நழுவியது, பின்வரிசை ஓடியே வந்தது. நிதி தந்த அதிகாரியம்மாவும் இறங்கி வந்து, கடிதத்தைத் தவமலரிடம் கொடுத்துவிட்டு ரோல்ஸுக்குக் கை நீட்டினார்.

மேலே மைக்கும் தலைவரும்தான் மிச்சம்.

தவமலர் அண்ணாந்து கூப்பிட்டாள்: "ஐயா, கீழ இறங்கி வாங்கோ! நாங்கள் ஒருத்தரையும் ஒதுக்கமாட்டம்!"