மாதாவ அனுப்ப மாட்டேன்

"சிஸ்டர், கோயில்ல முழங்கால் போட்டிருக்கிறப்ப மனசு ஒரு மாதிரி இருக்குல்ல, அத அப்படியே வீடு வரைக்கும் கொண்டுபோறது எப்படி?"

கேட்டது பெயின்டர் வியாகுலம். சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் பெனிட்டா நடத்துற பைபிள் வகுப்புல அவருக்கு எப்பவும் முன்வரிசைதான். சிஸ்டரவிடப் பத்துப் பதினஞ்சு வயசு மூத்தவரு. இருந்தாலும் குருன்னா அவருக்கு அவங்கதான். கேள்வி கேக்கிறதுல அவர அடிச்சுக்க ஊர்ல ஆள் கிடையாது. பதில் கேக்கிறதுலதான் கொஞ்சம் பொறுமை பத்தாது.

சிஸ்டர் பைபிள மூடுனாங்க.

"அக்டோபர்ல மாதா உங்க வீட்டுக்கு வருவாங்கள்ல? அங்க வச்சு சொல்றேன்."

அக்டோபர் மாசம் அவங்க தெருவுல மாதா சிலை, சுரூபம்னு சொல்வாங்க, வீடு வீடாப் போகும். ஒரு வீட்ல ஒரு நாள். மறுநாள் சாயங்காலம் ஜெபமால சொல்லி முடிச்சதும் அடுத்த வீட்டுக்காரங்க கையில குடுத்துடணும். மழை பெஞ்சாலும் குடுக்கணும், பக்கத்து வீட்டோட பேச்சுவார்த்த இல்லன்னாலும் குடுக்கணும்.

சுரூபத்துக்கு வருசா வருசம் பெயின்ட் அடிக்கிறது வியாகுலம்தான். செப்டம்பர் கடைசியில மாதா அவரு கடை பெஞ்சு மேல நின்னாங்க. இந்தப் பக்கம் லாரி நம்பர் பிளேட்டு, அந்தப் பக்கம் பல் டாக்டர் போர்டு. வேலை எப்படி வருதுன்னு பாக்க சிஸ்டர் ஒரு நாள் மதியம் போனாங்க. தெருமுனையிலயே சத்தம் கேட்டுச்சு.

சாப்பாடு கொண்டுவந்த சம்சாரம் மதலைமேரிய வியாகுலம் திட்டிக்கிட்டிருந்தாரு. தூக்குச்சட்டி மூடி சரியா மூடலயாம். மூடியில ஆரம்பிச்சு மாமனாரு வரைக்கும் போயிட்டாரு. அந்த மாமனாரு செத்துப் பல வருசமாச்சு. வாய்தான் அப்படி. கை கொஞ்சங்கூட நடுங்காம மாதாவோட முக்காட்டுக்கு நீலக் கரை இழுத்துக்கிட்டிருந்துச்சு.

சிஸ்டர் உள்ள போகாமத் திரும்பிட்டாங்க.

வியாகுலம் வீட்டுக்கு மாதா வந்தது ஒரு செவ்வாக்கிழமை. வாசல்ல சீரியல் லைட்டு. டிவி மேல துணி. பீடி கேட்டுக்கு வெளியவே அணைஞ்சுபோச்சு.

ராத்திரி ரசத்துல உப்பு இல்ல. இதவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் அந்த வீட்ல தட்டு சுவத்துல போயி மோதியிருக்கு. வியாகுலம் ரசத்தப் பாத்தாரு. நிமிந்து மாதாவப் பாத்தாரு.

"பரவால்லம்மா"ன்னாரு.

சம்சாரத்த அவரு அம்மான்னு கூப்பிட்டதே இல்ல. மதலைக்கு அன்னிக்குத் தூக்கம் வரல.

மறுநாள் சாயங்காலம் ஜெபமால முடிஞ்சுச்சு. அடுத்த வீட்டு சலேத்து டீச்சர் மெழுகுவத்தியோட வாசல்ல நிக்கிறாங்க. பின்னாடி தெருவே நிக்குது, சிஸ்டரும் கூட. சுரூபத்தத் தூக்க வியாகுலம் குனியப்போனாரு. மதலை நிலையில ரெண்டு கையையும் ஊணிக்கிட்டு வழிய மறிச்சாங்க.

"மாதாவ அனுப்ப மாட்டேன்."

வியாகுலத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறுச்சு. ஆனா மாதா உள்ள இருக்காங்களே. பல்லக் கடிச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரியில பேசுற மாதிரி பேசுனாரு.

"வழிய விடும்மா. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்."

"என் மானம் போகுது."

"மாதா இங்கதான இருக்காங்க. எங்கயும் போகாது."

வெளிய யாரோ சிரிச்சுட்டாங்க. அதுக்கு மேல அவரால தாங்க முடியல. விறுவிறுன்னு பின்வாசல் வழியாப் போயி, வீட்டச் சுத்தி, கேட்டத் தாண்டித் தெருவுக்கு வந்து நின்னாரு. அங்க வச்சுத்தான் வாயத் திறந்தாரு.

"ஏய்! அறிவு கெட்டவளே! பைத்தியம் புடிச்சிருச்சாடி உனக்கு? உங்கப்பன் வளத்த லட்சணம்டி இது!"

படுத்திருந்த நாய் எந்திரிச்சு வேற இடம் பாத்துப் போச்சு. வியாகுலம் மூச்சு வாங்கினாரு. செருப்பக் கழட்டி வெளியவே போட்டாரு. கேட்டுக்குள்ள வந்து கையக் கூப்பி, மெதுவாச் சொன்னாரு.

"வழிய விடும்மா."

"என்ன வியாகுலம், உள்ள ஒரு ரேட்டு, வெளிய ஒரு ரேட்டா?"ன்னாங்க சலேத்து டீச்சர்.

"சிரிக்காதீங்க யாரும்!"

சிஸ்டரோட குரல். பைபிள் வகுப்புல அப்படி ஒரு குரல யாரும் கேட்டதில்ல. கூட்டம் வாய மூடிக்கிச்சு.

"மதலை, நீங்க சொல்லுங்க. ஏன்?"

மதலை புருசனப் பாத்துத்தான் பேசினாங்க.

"நேத்து மாதா வந்ததுல இருந்து இந்த வீட்ல ஒரு கெட்ட வார்த்த இல்ல சிஸ்டர். எங்கப்பா செத்தும் இவரு வாயில தினம் சாகுறாரு. நேத்து ஒரு நாள்தான் அவரு நிம்மதியா இருந்தாரு. மாதா போகணும்னா போகட்டும். நானும் பின்னாடியே போறேன். இன்னிக்கு டீச்சர் வீடு, நாளைக்கு அதுக்கு அடுத்த வீடு. மாதா எங்கயோ அங்க நான். ரெண்டு சேலை எடுத்து வச்சுட்டேன்."

கதவுக்குப் பின்னாடி ஒரு மஞ்சப்பை இருந்துச்சு. நல்லா இறுக்கிக் கட்டியிருந்துச்சு.

வியாகுலம் பையப் பாத்தாரு. அப்புறம் சிஸ்டர் பக்கம் திரும்புனாரு. வந்த கோவம் பூரா இப்ப அந்தப் பக்கம் போச்சு. ஆனா குரல ஒசத்தல.

"நல்லா இருக்கு சிஸ்டர். வீட்ல வச்சுப் பதில் சொல்றேன்னீங்க. இதுதானா? நான் என்ன குறை வச்சேன்? மாதா இருக்கிற எடத்துல நான் ஒரு வார்த்த தப்பாப் பேசியிருப்பனா?"

"கடையில பெஞ்சு மேல நின்னது யாருண்ணே?"

"எப்ப?"

"போன மாசம். தூக்குச்சட்டி மூடிக்காக இவங்கள நீங்க திட்டுனப்ப. நான் தெருவுல நின்னு கேட்டேன்."

"சிஸ்டர், அது கடை. அது வேலை."

"நின்னது மாதாதான?"

"மாதாதான்..."

தலையச் சொறிஞ்சாரு. திடீர்னு பிடி கிடைச்ச மாதிரி முகம் தெளிஞ்சுச்சு.

"இல்ல சிஸ்டர்! அப்ப நான் கண்ணு எழுதல. கண்ண எப்பவும் கடைசியாத்தான் எழுதுவேன். கண்ணு எழுதுனாத்தான அது மாதா, அதுவரைக்கும் வெறும் சிலை. எழுதுன பெறகு ஒரு வார்த்த பேசல. மாதா மேல சத்தியமா."

கூட்டம் இதுக்கும் சிரிக்கத்தான் பாத்துச்சு. சிஸ்டர் முகத்தப் பாத்துட்டு நிறுத்திக்கிச்சு.

சிஸ்டர் நேரா வந்தாங்க. மதலை கைய எடுத்து வழி விட்டாங்க. சிஸ்டர் சுரூபத்தத் தூக்கிட்டுப் போயி டீச்சர் கையில குடுத்தாங்க.

"பாட்ட ஆரம்பிங்க. போங்க."

தெரு பாடிக்கிட்டே அடுத்த வீட்டுக்கு நகர்ந்துச்சு. வீட்ல வெறும் ஸ்டூலும், அது மேல ரெண்டு மல்லிகைப் பூவும்தான் மிச்சம். மதலை குனிஞ்சு மஞ்சப்பைய எடுத்தாங்க. சிஸ்டர் தடுக்கல.

இப்ப மாதா வீட்ல இல்ல. வியாகுலம் கத்தியிருக்கலாம். கத்த வாய் வரல.

"அப்ப என் கேள்விக்குப் பதில், சிஸ்டர்?"

சிஸ்டருக்குக் கோவம் இன்னும் அடங்கல. மதலையக் கைகாட்டுனாங்க.

"இவங்களுக்குக் கண்ணு எழுதுனது யாருண்ணே?"

வியாகுலம் நிமிந்து பாத்தாரு. மதலை அவரு மேல இருந்து கண்ண எடுக்கல. பையக் கீழயும் வைக்கல.