முருங்கைமரத்து வல்லூறு

கோமதியம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தபோது ஆவுடையப்பருக்கு வயது அறுபத்திரண்டு. குரு அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஏற்கெனவே நம்பிப் போன இரண்டு சாமியார்களும் வெறும் வாய்ப்பந்தல்காரர்கள் என்று தெரிந்ததில் மனிதர் நொந்து போயிருந்தார். மூன்றாவது தடவையும் ஏமாந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது?

அம்மை தினமும் விடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "சாவு பக்கத்துலதான் நிக்குது. முழிச்சுக்கிடுங்க."

ஒருநாள் அவரை அழைத்தார்.

"ஐயா, முற்றத்துல வல்லூறு கத்துதே. அது எங்க உக்காருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

ஆவுடையப்பர் தேடத் தொடங்கினார். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் முற்றத்துக் கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொண்டு ஒடுங்கும். இவர் அண்ணாந்து பார்ப்பார். கழுத்து வலித்ததுதான் மிச்சம். புளியமரப் பொந்தில் ஓர் ஆந்தை கண்ணில் பட்டது, வல்லூறைத்தான் காணோம்.

ஐந்தாம் நாள் கிணற்றுமேட்டில் புறா இறகுகள் சிதறிக் கிடந்தன. ஓடிப்போய்ச் சொன்னார்.

"அம்மா, வல்லூறு வந்திருக்கு. புறாவை அடிச்சிருக்கு."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"பாருங்க."

பதினோராம் நாள் பார்த்துவிட்டார். முருங்கைக் கிளையில் கன்னங்கரேலென்று ஓர் இரட்டைவால் குருவி உட்கார்ந்து, அச்சு அசல் வல்லூறு மாதிரியே கத்தியது. கோழி பதறி ஒடுங்கியது. குருவி சாவகாசமாக இறங்கி, கோழி கிளறிப்போட்ட புழுவைக் கொத்திக்கொண்டு பறந்தது.

ஆவுடையப்பருக்குத் தலை சுற்றியது. அப்படியானால் இத்தனை நாளும் கேட்டதில் எது வல்லூறு, எது குருவி? குரல் என்னவோ ஒன்றுதான். யோசிக்க யோசிக்க நினைப்பு முருங்கைமரத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நின்றது. அன்று மத்தியானமே துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டுக் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"சாவு நிக்குதுன்னு தினமும் சொல்லுதீங்களே. கண்டு சொல்லுதீங்களா, கேட்டுச் சொல்லுதீங்களா?"

"கேட்டுத்தான். என் குரு சொன்னார். அவர் கண்டாரான்னு எனக்குத் தெரியாது."

ஆவுடையப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அழுகையே வந்துவிட்டது.

"அப்ப நீங்களும் அந்த இரட்டைவாலன்தானா?"

"இருக்கலாம்."

"பெறகு நான் எதை நம்பி இங்க இருக்கது?"

அம்மை முற்றத்தைப் பார்த்தார். கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"வல்லூறு கத்தினா அந்தக் கோழி என்ன செய்யுது?"

"ஒடுங்குது."

"இரட்டைவாலன் கத்தினா?"

"அப்பவும் ஒடுங்குது. அதுக்கு என்ன தெரியும்? வித்தியாசம் தெரியாம நாள் தவறாம ஏமாந்து போகுது."

"இப்ப குஞ்சு எத்தனை இருக்கு?"

ஆவுடையப்பர் எண்ணினார். "எட்டு."

"பொரிச்சப்ப?"

குஞ்சு பொரித்தபோது அவரும் இங்கேதான் இருந்தார். மறுபடியும் எண்ணினார்.

"அப்பவும் எட்டுதான்."

"பாவம்," என்றார் அம்மை, "தினம் ஏமாறுத கோழி."